தொழிலாளர் நடுவே திரு.வி.க.

நம் சங்க மலருக்கு ஒரு சான்றோரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். வேதியியல் பயில்பவன் ஆதலால், ஓர் அறிவியல் அறிஞரையே தேர்ந்தெடுப்பேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். நான் தேர்ந்தெடுத்ததோ பள்ளி இறுதித் தேர்வையே எழுதாத ஒருவரை! தமிழ்த் தென்றல் என்று நாடு போற்றிய திரு.வி. கலியாணசுந்தரனாரை.

மேடைத் தமிழுக்காகவும் நடைக்காகவும் அவரைப் பலர் போற்றி எழுதியிருக்கின்றனர். அதை மீண்டும் எழுத எனக்குத் தகுதி இல்லை. பேசத் தெரியாமல் ஒதுங்கி நின்ற மக்களைப் பேச வைத்தவர், ஓர் ஆலையில் ஒன்றாய் நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்கும்படி செய்ய முயன்றவர், ஒரு முறை அதில் தோற்றும் போனவர் என்ற அளவில் மட்டும் அவரை இங்கே பார்க்க விரும்புகிறேன். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் எங்கள் ஆய்வுக்கூடத்து உலையின் கதவில் ஒட்டப்பட்டிருந்த ஒரு துண்டுக் காகிதம்.

முதலில் என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது வாலாஜாபேட்டையில். எனக்கு ஏழு வயதானபோது அப்பா விசைத்தறி பழுது பார்க்கும் வேலை தேடிப் புத்தூர்ப் பக்கம் வந்தார்; வாடகை குறைவு என்று கார்வேட்டிநகரத்தில் குடியேறினோம். வேணுகோபால சுவாமி கோயிலும், படிக்கட்டுகள் சூழ்ந்த பெரிய குளமும், பழைய சமீனின் நினைவுகளும் உள்ள ஊர் அது. ஒரு காலத்தில் வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1911 இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. 1953 இல் ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. 1960 இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும் எங்கள் ஊர் அந்தப் பக்கமே நின்றது. ஆகவே எங்கள் வீட்டில் ஆயாவிடம் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்த ஒரு மொழி. இதை நான் குறையாக எண்ணியதில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவன் என்ற பெருமைகூட எனக்கு இருந்தது. அந்தப் பெருமை சென்ற மாதம் உடைந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர் இரு பிரிவாக வேலை செய்கிறோம். காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு. இருப்பது ஒரே உலை. மாலைக் குழுவினர் ஒரு மாதிரிப் பொருளை உலையில் வைத்து, அடுத்த நாள் நண்பகல் வரை அணைக்கக் கூடாது என்று தெலுங்கில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுச் சென்றனர். காலையில் முதலில் வந்தவர் திருநெல்வேலியிலிருந்து புதிதாகச் சேர்ந்த மாணவர். தெலுங்கு எழுத்துத் தெரியாது. வழக்கம் போல் உலையை அணைத்தார். மூன்று நாள் உழைப்பு வீணாயிற்று. உழைப்பை இழந்தவர் ஒரு மாணவி. அவர் அழவில்லை, ஆனால் அன்று முதல் காலைக் குழுவில் எவரோடும் பேசவில்லை. கைபேசியில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த செய்திக் குழு இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் தமிழ், மற்றொன்றில் தெலுங்கு. நான் இரண்டிலும் இருந்தேன்!

யார் மேல் குற்றம் என்று இரு தரப்பும் என்னிடம் வந்து முறையிட்டனர். எழுதியவர் எல்லாருக்கும் புரியும்படி எழுதியிருக்கலாம். அணைத்தவர் ஒருவரைக் கேட்டிருக்கலாம். நான் இரு பக்கமும் தலையசைத்தேன். ஆனால் ஒன்றை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை. அந்தத் துண்டை முந்தின மாலை நான் பார்த்தேன்; படித்தேன். புது மாணவருக்கு இது புரியாதே என்று மனத்தில் ஓர் எண்ணமும் தோன்றியது. புத்தூர்ப் பேருந்து போய்விடுமே என்ற அவசரத்தில், இது நம் வேலை அன்று என்று வந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' என் கைக்கு வந்தது. 1944 இல் வெளிவந்த நூல். தொழிலாளர் இயக்கம் பற்றிய பகுதிகளை ஒரே இரவில் படித்தேன்.

அவர் பிறந்தது 1883 ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 ஆம் நாள். செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மாள். குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்கு வந்தது. இளமையில் நோய் வந்து கால்களைப் பற்றியது. பள்ளிப் படிப்பு சில ஆண்டுகள் தடைப்பட்டது. பின்னர் வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளை. அந்த ஆசிரியர்மீது கொண்ட அன்புதான் அவருடைய தேர்வைக் கெடுத்தது. ஆசிரியர் ஒரு வழக்கில் சிக்கியிருந்தார். வழக்குமன்றம் செல்ல வேண்டிய கடமையும் தேர்வும் ஒருசேர வந்தன. மாணவர் வழக்குமன்றம் சென்றார். பட்டம் போயிற்று; தமிழ் வந்தது. தேர்வு நெருங்கும் இந்த நாட்களில் நம்மில் எத்தனை பேர் அப்படிப் போவோம் என்று நினைத்துப் பார்த்தேன். நான் போகமாட்டேன் என்றே தோன்றுகிறது.

பின்னர் ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை. அதை விட்டபின் வெஸ்லி பள்ளியில் ஆசிரியப் பணி. அப்பால் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். 1917 ஆம் ஆண்டு இறுதியில் 'தேசபக்தன்' நாளிதழ் தோன்றியபோது கல்லூரியை விட்டு அதன் ஆசிரியரானார். ஆங்கிலம் கலவாமல் அரசியல் பேச முடியாது என்று படித்தவர் நம்பியிருந்த காலம் அது. நாட்டுச் செய்திகளைத் தமிழாகவே எழுதவும், தமிழாகவே மேடையில் பேசவும் முடியும் என்று அவர் காட்டினார். இதைத் தமிழ்த் தொண்டு என்று மட்டும் சொல்லி நாம் நின்றுவிடுகிறோம். ஆலைவாயிலில் நின்று பார்த்தால் அதன் பொருள் வேறு. படித்தவர் பேச்சு பாமரர் செவிக்கு எட்டும்படி ஒரு வழி திறந்தது.

அந்த ஆலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் பின்னி கம்பெனியின் மேற்பார்வையில் இரண்டு பஞ்சாலைகள் இருந்தன. பக்கிங்காம் ஆலை 1876 இலும், கர்நாடிக் ஆலை 1881 இலும் தோன்றின. 1920 இல் இரண்டும் ஒரே கம்பெனி ஆயின. ஆயிரக்கணக்கான தொழிலாளர், மேலே ஐரோப்பிய மேலாளர், நடுவே மேஸ்திரிகள். மேலாளர் மொழி ஆங்கிலம். தொழிலாளர் பேசியவை தமிழும் தெலுங்கும். தொழிலாளி ஒருவனுக்கு உடல் நலமில்லை என்றாலும், நூல் அறுகிறது என்றாலும், கூலியில் கணக்குத் தவறு என்றாலும், அந்தச் செய்தி மேஸ்திரியின் வாய் வழியாகத்தான் மேலே போக வேண்டும். மேஸ்திரி விரும்பினால் போகும். விரும்பாவிட்டால் அங்கேயே நிற்கும். விரும்பியபடி மாறியும் போகும்.

என் அப்பா வேலை செய்யும் விசைத்தறிக் கூடத்தில் மொத்தமே பன்னிரண்டு பேர். பாவு போடுபவர், தார் சுற்றுபவர், தறி ஓட்டுபவர், பழுது பார்ப்பவர். அங்கேயே, நாடா சரியாக ஓடவில்லை என்ற செய்தி தறிக்காரரிடமிருந்து அப்பாவுக்கு வந்து சேர அரை நாள் ஆகும் என்று அவர் குறைப்படுவார். தறிக்காரர் சொன்னால் துணியில் விழுந்த குறை தம் தலையில் விழும் என்று அஞ்சுவாராம். பன்னிரண்டு பேருக்கு இந்த நிலை என்றால், ஆயிரக்கணக்கானோர் நின்ற ஆலையை நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தொழிலாளரை முதலில் ஓரிடத்தில் கூட்டியது அரசியல் அன்று, பசனை. செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு என்னும் வணிகர் இருவர் ஆலைப் பகுதியில் ஒரு சபை நடத்தி வந்தனர். அதன் பெயர் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. ஏழுமலையான் பெயரால் அமைந்த சபை! திருமலையை நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் நமக்கு இது இனிக்காதா? இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கத்தின் விதை, திருப்பதிப் பெருமானின் புகழ் பாடிய கூடத்தில் விழுந்தது. வேலை முடிந்து வந்த தொழிலாளர் பாட்டுக் கேட்டனர். சமயச் சொற்பொழிவு கேட்டனர். பின்பு கடைவாயிலில் நின்று தம் குறைகளையும் சொன்னார்கள். செட்டியாரும் நாயுடுவும் அவற்றைக் காது கொடுத்துக் கேட்டனர். இவ்விருவருக்கும் நம் பாடநூல்கள் உரிய இடம் தரவில்லை என்பது என் கருத்து. இயக்கம் தொடங்கியவர் என்று நாம் பெரிய பெயர்களைச் சொல்கிறோம். குறையைக் கேட்கும் வேலையைத் தொடங்கியவர்கள் இந்த இரு கடைக்காரர்களே.

1918 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்தச் சபைக்குத் திரு.வி.க. பேச அழைக்கப்பட்டார். மேல்நாட்டில் தொழிலாளர் எவ்வாறு ஒன்றுகூடிச் சங்கம் கண்டனர் என்பதை எளிய தமிழில் எடுத்துரைத்தார். கேட்டவர் உள்ளத்தில் தீ மூண்டது. பின்னர் அவ்விருவரும் பி.பி. வாடியாவை நாடினர். வாடியா பம்பாயில் பிறந்த பார்சி; பிரம்மஞான சங்கத்தவர்; அன்னி பெசன்டு அம்மையாரோடு 1917 இல் காவலில் வைக்கப்பட்டவர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஆலைவாயிலுக்கே சென்று தொழிலாளர் நிலையைக் கண்டார். உண்பதற்கு விடும் அரைமணி நேரம் போதவில்லை என்பது அவர் கேட்ட முதற் குறைகளுள் ஒன்று. கை கழுவி, வரிசையில் நின்று, உண்டு, திரும்ப ஓடிவர அரைமணி எப்படிப் போதும்? குறை சிறியது. ஆனால் பல்லாண்டுகளாக ஆலைக்குள் அது மேலே போய்ச் சேராமலே இருந்தது.

1918 ஏப்ரல் 27, சனிக்கிழமை, சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. தலைவர் வாடியா. துணைத் தலைவர்கள் குத்தி கேசவப் பிள்ளையும் திரு.வி.க.வும். செயலாளர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும். இந்த ஐவரையும் மீண்டும் ஒரு முறை பாருங்கள். ஒரு பார்சி; இராயலசீமையில் வாழ்ந்த தமிழர் ஒருவர்; தமிழாசிரியர் ஒருவர்; வணிகர் இருவர். ஒருவர் ஆங்கிலத்தில் பேசினால் அது தமிழாகித்தான் தொழிலாளரை அடைய வேண்டும். திரு.வி.க. பேசும்போது மட்டும் நடுவில் ஆள் தேவைப்படவில்லை. அவருடைய சொற்றொடர்கள் சிறியவை. நீண்ட வாக்கியம் எழுதிய பண்டிதர் நடுவே வளர்ந்தவர் சிறிய வாக்கியத்துக்கு வந்தது எப்படி? இதழ்த் தொழிலும் ஒரு காரணம். தொழிலாளர் கூட்டமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். பத்து மணி நேரம் எந்திர ஓசையில் நின்று வந்தவனுக்கு முன்னால் சுற்றிவளைத்துப் பேச முடியுமா?

சனிக்கிழமைதோறும் கூட்டம் கூடியது. சங்கத்தின் வலிமை அந்தக் கிழமைக் கூட்டத்தில் இருந்தது என்று தோன்றுகிறது. சந்தா பிறகு; கோரிக்கை பிறகு. முதலில் கூடினார்கள். நூற்புப் பிரிவில் நடப்பது நெசவுப் பிரிவுக்குத் தெரிந்தது. ஒருவனுக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ணியிருந்த இடர் எல்லாருக்கும் நேர்வதே என்று புரிந்தது. மேஸ்திரியின் வாய் ஒன்றே வழி என்றிருந்த இடத்தில் இன்னொரு வழி உண்டாயிற்று. டிராம் தொழிலாளர், அச்சகத் தொழிலாளர் எனப் பிறரும் சங்கம் காணத் தொடங்கினர்.

அதே 1918 இல் திரு.வி.க.வின் மனைவியார் கமலாம்பாள் காலமானார். பிறந்த குழந்தைகளையும் அவர் முன்பே இழந்திருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. மறுமணம் செய்துகொள்ளவில்லை. பின்னாளில் 1927 இல் 'பெண்ணின் பெருமை' எழுதியவரின் வீட்டில் அந்த ஆறு ஆண்டு இல்வாழ்க்கை மட்டுமே இருந்தது. பகலில் இதழ், மாலையில் கூட்டம், இரவில் வெறும் வீடு. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வயதில்லை.

1920 இறுதியில் பக்கிங்காம் ஆலையில் எழுந்த பூசல் கதவடைப்பில் முடிந்தது. துப்பாக்கிச் சூடும் நடந்தது. கம்பெனி வாடியா மீதும் சங்கத்தார் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வேலையை விட்டு நிற்கும்படி தொழிலாளரைத் தூண்டக் கூடாது என்று மன்றம் தடை விதித்தது. தொழிற்சங்கத்தைக் காக்கச் சட்டமே இல்லாத காலம் அது. அச்சட்டம் வந்தது 1926 இல்தான். வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்ற அளவில் வழக்கு ஓய்ந்தது. சுமை திரு.வி.க.வின் தோளுக்கு வந்தது. இதற்கிடையே 'தேசபக்த'னை விட்டு 1920 அக்டோபரில் 'நவசக்தி'யை அவர் தொடங்கியிருந்தார்.

இனி நான் சொல்லப் போவது அவர் வாழ்வில் வெற்றியான பகுதி அன்று. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நான் இங்கேதான் நிற்க விரும்புகிறேன்.

1921 ஆம் ஆண்டு கோடையில் மீண்டும் பூசல். கர்நாடிக் ஆலையில் முதலில் கதவடைப்பு. சூன் திங்களில் பக்கிங்காம் ஆலையில் வேலைநிறுத்தம். இம்முறை தொழிலாளர் ஒன்றாக நிற்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். வேலைநிறுத்தம் நீண்டால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. கடன் கொடுக்கவும் ஆள் இல்லை. சங்கத்தின் மேடையில் நின்றவர் பெரும்பாலோர் சாதி இந்துக்கள். எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் தம் மக்கள் வேலைக்குப் போவதே நலம் என்று கருதினர். நின்றவர் போனவரைத் துரோகி என்றனர். போனவர் நின்றவரை நம்ப என்ன காரணம் இருக்கிறது என்றனர். சூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. அடிதடியும் கல்லெறியும் பல வாரம் தொடர்ந்தன. ஆகஸ்டுத் திங்களில் போலீசார் சுட்டதில் உயிர்கள் போயின. ஒரே நூலை ஒரே கூடத்தில் நூற்றவர்கள் தெருவில் பகைவர் ஆயினர்.

திரு.வி.க. அமைதி வேண்டிப் பேசினார்; எழுதினார்; தெருத் தெருவாகச் சென்றார். கவர்னர் வெல்லிங்டன் பிரபு அவரை நாடு கடத்துவதாக எச்சரித்தார். அதற்கு அவர் அஞ்சவில்லை. ஆனால் அவர் குரல் புளியந்தோப்புச் சேரிக்குள் எட்டவில்லை. அக்டோபரில் வேலைநிறுத்தம் சிதைந்தது. நின்றவர் பலர் வேலை இழந்தனர்.

ஏன் எட்டவில்லை? இது என் சொந்தக் கருத்து, மூத்தோர் திருத்தலாம். சனிக்கிழமைக் கூட்டங்களில் மேலாளருக்கும் தொழிலாளருக்கும் இடையே இருந்த சுவரைப் பற்றி மூன்று ஆண்டுகள் பேசினார்கள். தொழிலாளருக்கும் தொழிலாளருக்கும் இடையே இருந்த சுவரைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. பசனைக் கூடத்தில் பிறந்த சங்கத்தில் யார் முன்னே அமர்ந்தனர், யார் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்பதை எவரும் கேட்கவில்லை போலும். மொழி ஒன்றுதான், தமிழ்தான். மொழி ஒன்றாக இருந்தும் பேச்சு நடக்கவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தமிழும் தெலுங்கும்தான் சண்டைக்குக் காரணம் என்று நான் நம்பியிருந்தேன். இந்தப் பகுதியைப் படித்தபின் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. துண்டுக் காகிதம் தமிழில் இருந்திருந்தாலும், காலைக் குழுவும் மாலைக் குழுவும் ஒரு நாளும் நேரில் சந்தித்துக்கொள்ளாத கூடத்தில் வேறொன்று வீணாகியிருக்கும்.

1922 இல் ஆலைக்குள்ளேயே தொழிலாளர் பிரதிநிதிகள் அமரும் ஒரு குழுவைக் கம்பெனி அமைத்தது. தொழிலாளர் குறையை மேலாளர் நேரில் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதைக் கம்பெனியும் ஒப்புக்கொண்டது என்று இதைக் கொள்ளலாம். சங்கத்தை ஒதுக்கிவைக்க ஒரு சூழ்ச்சி என்றும் கொள்ளலாம். இரண்டும் உண்மையாக இருக்கலாம் அல்லவா?

இங்கே ஓர் ஒப்புமை தோன்றுகிறது. அமெரிக்காவில் ஹாதார்ன் என்னும் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆராய்ச்சிகள் நடந்தன. விளக்கொளியைக் கூட்டினால் வேலை கூடுமா என்று தொடங்கியவர்கள், தொழிலாளரை உட்கார வைத்துப் பேச விட்டு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பேட்டிகள் கண்டனர். சொல்வதைக் கேட்க ஆள் இருந்தால் தொழிலாளியின் மனநிலை மாறுகிறது என்ற முடிவுக்கு வந்தனர். நம் நாட்டிலும் அகமதாபாத்துக் காலிகோ ஆலையில் 1953 இல் ஏ.கே. ரைஸ் என்ற ஆங்கில அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். தனித்தனி வேலைப் பெயரோடு சிதறி நின்ற தறிக்கூடத் தொழிலாளரைச் சிறு குழுக்களாக்கி, ஒரு தொகுதித் தறிகளை ஒரு குழுவின் பொறுப்பில் விட்டார். துணியின் அளவும் தரமும் உயர்ந்தன. அப்பாவிடம் இதைச் சொன்னேன். தறிக்காரரும் தாமும் ஒரே குழு என்று ஆகிவிட்டால் குறையை மறைக்க வேண்டியதில்லையே என்று அவர் உடனே புரிந்துகொண்டார். பிறகு, முதலாளி இதற்கு ஒப்பமாட்டார் என்றும் சொன்னார்.

திரு.வி.க. அந்த ஆராய்ச்சிகளை அறிந்திருந்தாரா என்பது இங்கு வேண்டாத கேள்வி. அவர் தேடியது உற்பத்தி அன்று, மனிதத் தன்மை. மார்க்சையும் காந்தியடிகளையும் அவர் ஒருங்கே நேசித்தார். சன்மார்க்கம் என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் கூட்டிக் காண முயன்றார். அந்தக் கூட்டல் எனக்கு முழுதும் விளங்கவில்லை. 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் அவர் தலைமை வகித்தபோது வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடமளிக்காததால் ஈ.வெ.ரா. வெளியேறிய வரலாறு நாடறிந்தது. அங்கும் கேட்க வேண்டிய ஒரு குரல் கேட்கப்படவில்லை என்று சொல்பவர் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் பிற்காலத்திலும் இருவரும் ஒருவரையொருவர் மதித்தனர் என்பதையும் மறக்கக் கூடாது.

அவர் தொழிலாளரை விட்டு விலகவே இல்லை. 1947 இல் பின்னி ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று, உடல் தளர்ந்திருந்தது. நாடு விடுதலை பெறப்போகும் நேரம். ஆண்டதோ அவர் உழைத்து வளர்த்த காங்கிரசு. அந்த ஆட்சியே அவரை வீட்டுக் காவலில் வைத்தது! வெள்ளையர் கவர்னர் எச்சரித்ததோடு விட்டார். சொந்த ஆட்சி வாயிலில் காவல் நிறுத்தியது. இராயப்பேட்டை வீட்டுக்குள் இருந்தபடி வெளியே தொழிலாளர் என்ன ஆயினரோ என்று எண்ணிக்கொண்டிருந்த அந்த முதியவரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இறுதி ஆண்டுகளில் கண்ணொளி குன்றியது. எழுத முடியவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 'இருளில் ஒளி', 'முதுமை உளறல்', 'படுக்கைப் பிதற்றல்' என்று தம் நூல்களுக்கு அவர் இட்ட பெயர்களிலேயே ஒரு புன்னகை தெரிகிறது. வாழ்நாள் எல்லாம் பிறர் குரலை ஏந்திச் சென்றவருக்கு முடிவில் பிறர் கை எழுதுகோலாயிற்று. 1953 செப்டம்பர் 17 ஆம் நாள் காலமானார். இரண்டு வாரம் கழித்து அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. என் ஊர் அதற்குள் போயிற்று. அவர் நடமாடிய ஆலைகள் 1996 இல் மூடப்பட்டுவிட்டன.

உலைக்கு வருகிறேன். வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்த மறுநாள் அந்த மாணவியிடம் சென்று, முந்தின மாலையே நான் துண்டைப் படித்ததைச் சொன்னேன். அவர் என்னை அன்னா என்றுதான் அழைப்பார். வயதில் எனக்கு ஒரு ஆண்டு இளையவர். அன்று அப்படி அழைக்கவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் தெலுங்கில் கேட்டார். என்னிடம் விடை இல்லை. திருநெல்வேலி நண்பரிடமும் சொன்னேன். அவர் கோபித்தார், பின் தேநீர் வாங்கித் தந்தார்.

பேராசிரியரின் ஒப்புதலோடு இப்போது சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இரு குழுவும் அரைமணி நேரம் கூடுகிறோம். அந்த வாரம் உலையில் யார் எதை வைக்கப் போகிறார், எப்போது எடுப்பார் என்று பேசுகிறோம். ஒவ்வொருவரும் தம் மொழியில் பேசலாம். நான் மாற்றிச் சொல்கிறேன். கதவில் ஒட்டும் துண்டில் இரண்டு மொழியும் இருக்க வேண்டும் என்பது முதற் கூட்டத்து முடிவு. என் தெலுங்குக் கையெழுத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்தனர். முதற் சனிக்கிழமை ஐவர் வந்தோம். இரண்டாம் சனிக்கிழமை ஒன்பது பேர். அந்த மாணவி இரண்டுக்கும் வரவில்லை. அவருடைய மாதிரி நேற்றிலிருந்து மீண்டும் உலையில் இருக்கிறது. எடுக்க வேண்டிய நேரத்தை இரு மொழியிலும் அவரே எழுதி ஒட்டியிருக்கிறார். தமிழ் எழுத்துகளை யாரிடம் கற்றார் என்று தெரியவில்லை. ஒரு சுழி மட்டும் கூடுதலாக இருக்கிறது.